கடிகாரத்தைத் திருப்பியது போதும்

மார்ச் மாத இரண்டாவது ஞாயிறு, அதிகாலை 2 மணி ஆனதும் அமெரிக்காவின் பெரும்பகுதியில் கடிகாரம் 3 மணிக்குத் தாவிவிடும். பறிபோன அந்த ஒரு மணி நேரம் நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்பக் கிடைக்கும். இந்த ஏற்பாடு வேண்டாம் என்பதில் அங்கே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. முள்ளை எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதில்தான் தகராறு. மார்ச்சில் முன்னே தள்ளும் அந்தக் கோடை நேரமே ஆண்டு முழுவதும் இருக்கட்டும் என்ற மசோதாவை 2022 மார்ச்சில் செனட் எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அதைக் கண்டுகொள்ளவில்லை.

நல்லவேளை. ஏனென்றால் அமெரிக்கா இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது.

எண்ணெய் நெருக்கடியைச் சமாளிக்க அதிபர் நிக்சன் 1974 ஜனவரி 6 முதல் கோடை நேரத்தைக் குளிர்காலத்துக்கும் நீட்டித்தார். பிள்ளைகள் கையில் டார்ச் விளக்கோடு, கும்மிருட்டில் பள்ளிப் பேருந்துக்குக் காத்து நின்றார்கள். ஃப்ளோரிடாவில் விடியுமுன் பள்ளிக்குக் கிளம்பிய மாணவர்கள் சாலை விபத்துகளில் இறந்தார்கள். தொடக்கத்தில் கைதட்டிய மக்களே சில வாரங்களில் முகம் சுளித்தார்கள். இரண்டு குளிர்காலத்துக்கென்று போட்ட சட்டம் ஒன்றைத்தான் தாண்டியது. அக்டோபரில் பழைய முறை திரும்பியது.

பிரிட்டன் 1968 முதல் 1971 வரை இதையே செய்தது. ஸ்காட்லாந்தின் வடபகுதியில் விடிய 10 மணி ஆனது. 366க்கு 81 என்ற வாக்குகளில் நாடாளுமன்றம் அதைக் கைவிட்டது. ரஷ்யா 2011இல் கோடை நேரத்தை நிரந்தரமாக்கி, மூன்றாண்டு இருட்டுக் காலைகளுக்குப் பின் 2014இல் நிரந்தரக் குளிர்கால நேரத்துக்கு மாறியது.

இலங்கையின் கதை தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். 1996இல் மழை பொய்த்து மின்தட்டுப்பாடு வந்தபோது அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. சில மாதங்களில் அதை அரை மணியாகக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே நீடித்தது. போர்நிறுத்தக் காலத்தில் ஏ9 வீதியில் ஓமந்தையைத் தாண்டி வன்னிக்குள் போனவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் திருப்பிக்கொண்டார்கள். 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்கே வந்து சேர்ந்தது.

மின்சாரம் மிச்சமாகும் என்ற வாதமும் இப்போது எடுபடாது. 2006இல் இந்தியானா மாநிலம் முழுவதும் கோடை நேரத்தை ஏற்றபோது, வீடுகளின் மின்செலவு ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடியதையே ஆய்வாளர்கள் கண்டார்கள். விளக்கில் மிச்சம் பிடித்ததை ஏசி விழுங்கிவிட்டது.

உடலின் கடிகாரத்தைச் சரிசெய்வது காலை வெளிச்சம். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2020இல் ஆண்டு முழுவதும் திட்ட நேரமே, அதாவது குளிர்கால நேரமே, வேண்டும் என்று சொன்னதற்கு இதுவே அடிப்படை. கோடையில் மாலை வெளிச்சம் ஒரு மணி நேரம் குறையும், ஜூனில் நியூயார்க்கில் நாலரைக்கே விடிந்துவிடும் என்பதும் உண்மைதான். அந்த வெயிலைத் திரைச்சீலை போட்டுத் தடுத்துக்கொள்ளலாம். டிசம்பர் இருட்டுக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

ஃப்ளோரிடா உட்படப் பல மாநிலங்கள் நிரந்தரக் கோடை நேரத்துக்குச் சட்டம் போட்டுவிட்டு, காங்கிரஸின் அனுமதிக்காகக் காத்திருக்கின்றன. திட்ட நேரத்திலேயே நின்றுகொள்ள அந்த அனுமதி தேவையில்லை. 1966ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு இடம் தருகிறது. ஹவாயும் அரிசோனாவின் பெரும்பகுதியும் அரை நூற்றாண்டுக்கு மேலாக அப்படித்தான் இருக்கின்றன. மற்ற மாநிலங்களும் அடுத்த மார்ச்சுக்குள் அதே வழியில் போகலாம்.