முதலில் நூல், கழி பிறகு

தூண்டில் என்றதும் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது ஒரு மூங்கிற் கழி, கொஞ்சம் தங்கூசி, ஒரு முள், ஒரு மண்புழு. மேல்நாட்டார் ‘ஈத் தூண்டில்’ என்று போற்றும் கலையோ வேறு. அங்கே புழு கிடையாது. இறகையும் மயிரையும் முள்ளின்மேல் சுற்றி, ஈயைப்போலவும் இறாலைப்போலவும் செய்த பொய்யிரைதான் உண்டு. அதற்கு எடை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கல்லை எறியலாம், இறகை எறிய முடியுமா? ஆகவே நூலையே கனமாகச் செய்து, அதைச் சாட்டைபோல் வீசுகிறார்கள். நூல் பறக்கிறது, இறகு அதன் வாலைப் பற்றிக்கொண்டு போகிறது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே நான் சொல்லப்போவது அத்தனையும் எளிதில் விளங்கும்.

குளிர்ந்த ஓடைகளில் பிறந்த இக்கலை வெப்பக் கடலுக்குப் பரவியது அண்மைக் காலத்தில்தான். 1947-இல் ஜோ புரூக்ஸ் என்பவர், ஜிம்மி ஆல்பிரைட் என்னும் வழிகாட்டியின் துணையுடன், ப்ளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் போன்பிஷ் என்னும் வெள்ளி மீனை இம்முறையில் பிடித்துக் காட்டினார். முழங்காலளவு நீருள்ள மணல் திட்டுகளில் மேயும் மீன் அது. இன்று ப்ளோரிடா, பஹாமா, பெலீஸ், செய்ஷெல்ஸ் எனப் பல கரைகளிலும் இதற்காகவே மக்கள் வந்து குவிகிறார்கள்.

இந்தப் பேச்சு நம் மன்றத்தில் எப்படி எழுந்தது? மேற்படிப்புக்காகப் ப்ளோரிடா செல்லவிருக்கும் நண்பர் ஒருவர், அங்கே போய் இந்த வித்தையையும் பழகிவிடுவது என்று முடிவு செய்து, விலைப்பட்டியல்களை மேசையில் பரப்பினார். சூழ நின்ற ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொன்னார்கள். தமிழர் நாலுபேர் கூடினால் யோசனைக்கா பஞ்சம்! பெரும்பான்மையோர் கருத்து இரண்டாகத் திரண்டது. பணத்தில் பெரும்பங்கைக் கழியில் போடவேண்டும் என்பது ஒன்று. கருவி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு வீரம் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பது என் கட்சி. பிழைப்பு நாடி வடக்கே வந்த குடும்பத்தில் வளர்ந்த நான் கடலைக் கண்ட நாட்களை விரல்விட்டு எண்ணலாம். எனவே, பிடித்த மீன்களைப்பற்றிப் பெருமை பேச என்னிடம் ஒன்றும் இல்லை. மீனின் உடலியலைப் பாடமாகப் படிப்பவன் என்ற முறையிலேயே பேசுகிறேன்.

நூலை எடுத்துக்கொள்வோம். நடுவே ஓர் இழை. அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு. குளிர்நாட்டு நூலின் பூச்சு மென்மையானது. அதை 30 டிகிரிக்கு மேல் காயும் படகின் தளத்தில் போட்டுப் பாருங்கள். குழைந்து, பிசுபிசுத்து, கழியின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை விலையுயர்ந்த கழியானாலும் வளையத்தில் சிக்கிய நூலை வீசித் தராது. வெப்பக் கடலுக்கென்று செய்த நூலில் இழையும் விறைப்பு, பூச்சும் கடினம். அதே நூலைக் குளிர்ந்த ஓடைக்குக் கொண்டுபோனால் கம்பிச் சுருள்போல் சுருண்டு நிற்கும். நூலுக்கும் தேசம் உண்டு என்று அறிக!

நூலின் கனத்தை எண்களால் குறிப்பார்கள். நூலின் முதல் 30 அடியின் எடையே அளவு. 5-ஆம் எண் நூலில் அப்பகுதி 140 கிரெயின். அதாவது சுமார் 9 கிராம். 8-ஆம் எண்ணில் 210 கிரெயின், ஏறத்தாழ 13.6 கிராம். 12-ஆம் எண்ணில் 380 கிரெயின், 24.6 கிராம். ஓடை மீனுக்கு 5 போதும். போன்பிஷ்ஷுக்கு 8, காற்று பலமாயின் 9. பெர்மிட் என்னும் மீனுக்கு 9 அல்லது 10. டார்ப்பன், பெரும் பாறை மீன் ஆகியவற்றுக்கு 12. கழியும் அதே எண்ணுக்குப் பொருந்த வேண்டும். கழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 9 அடி நீளமும் நாலு துண்டுமாக, நடுத்தர விலையில் ஒரு கார்பன் இழைக் கழி தாராளமாகப் போதும். விளம்பரங்களில் மிக உயர்ந்த மாடுலஸ் என்று முழங்குவார்கள். விறைப்பு ஏற ஏற முறியும் தன்மையும் கூடவே வருவதைச் சொல்லமாட்டார்கள். உலோகக் கண் வைத்த பொய்யிரை ஒன்று காற்றில் திரும்பிவந்து கழியில் ‘டக்’ என்று மோதினால், அன்று ஒன்றும் தெரியாது. மறுவாரம் நல்ல மீன் மாட்டும்போது அதே இடத்தில் முறியும்.

மிச்சப்பட்ட பணத்தை ரீலில் போடுக. ஓடையில் ரீல் என்பது நூல் சுற்றிவைக்கும் பெட்டி, அவ்வளவே. கடலில் அதுதான் பிரேக். மாட்டிய போன்பிஷ் ஒரே ஓட்டத்தில் நூறு கெஜம் இழுத்துக்கொண்டு போகும். ஆதலால் கன நூலுக்குப் பின்னே 200 கெஜம் மெல்லிய அடிநூல் சுற்ற இடம் வேண்டும். பிரேக் திக்காமல் வழுவழுவென்று ஓட வேண்டும். உப்புநீர் உள்ளே புகாதபடி அது மூடப்பட்டிருக்க வேண்டும். அலுமினியத்தின்மேல் தானாகப் படியும் ஆக்ஸைடு கவசத்தைக் குளோரைடு துளைத்துவிடும். பக்கத்தில் துருப்பிடிக்காத எஃகுத் திருகு இருந்துவிட்டாலோ, இடையில் உப்புநீர் நின்று ஒரு மின்கலமே உண்டாகிறது, அரிபடுவது அலுமினியம். இரசாயன வகுப்பில் தூங்காதவர்களுக்கு இது புதிதன்று. மாலைதோறும் நல்ல நீரில் கழுவ வேண்டும். மெதுவாக ஊற்றிக் கழுவுக. குழாயைப் பீய்ச்சினால் உப்பை உள்ளே தள்ளியதாகும்.

இனி, மெல்லிய கருவியே வீரம் என்னும் கட்சி. உண்பதற்காகப் பிடிப்பவன் இப்படிப் பேசினால் அது அவன் பாடு. இந்த மீன்களோ விடுவிப்பதற்காகவே பிடிக்கப்படுகின்றன. ப்ளோரிடாவில் 2013 முதல் போன்பிஷ்ஷை விடுவித்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அப்படியானால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: விட்ட மீன் பிழைக்கிறதா?

20 டிகிரி கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 7.4 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது 6.2 ஆகிவிடுகிறது. நீர் சூடேற மூச்சு குறைகிறது. மீனின் தேவையோ கூடுகிறது. மெல்லிய கழியும் மெல்லிய இழையும் கொண்டு போராடினால் மீனை வலிந்து இழுக்க இயலாது, போராட்டம் நீளும். தசைகளில் லாக்டிக் அமிலம் ஏறும். கரைக்கு வரும்போது மீன் ஓய்ந்துபோயிருக்கும். பஹாமாவின் இலூத்ரா தீவில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. விடுவித்தபின் நிமிர்ந்து நீந்த முடியாமல் நிலைகுலைந்த மீன்களே சுறாவுக்கு அதிகமாக இரையாயின. நாம் கைகழுவிவிட்டுப் படம் எடுத்த மகிழ்ச்சியில் திரும்புகிறோம். நூறு அடிக்கு அப்பால் சுறா காத்திருக்கிறது. இதை வீரம் என்பதா? கனத்த கருவியால் சில நிமிஷங்களில் இழுத்து, நீரிலிருந்து தூக்காமலே முள்ளை எடுத்து விடுபவனைத்தான் நான் கெட்டிக்காரன் என்பேன்.

‘ஒரு மீனுக்காக இத்தனை கவலையா?’ என்று சிலர் சிரிக்கலாம். பஹாமாவில் இவ்வகை மீன்பிடிப்பால் ஆண்டொன்றுக்கு 141 மில்லியன் டாலர் வருமானம் என்று 2010-இல் வெளியான ஓர் அறிக்கை கணக்கிட்டது. வேறு தொழில் இல்லாத சிறு தீவுகளில் படகு தள்ளிப் பிழைக்கும் வழிகாட்டியின் அடுப்பு இந்த மீனை நம்பியே எரிகிறது. விருந்தாளியாகப் போகும் மாணவன் அதை மறக்கலாகாது.

டார்ப்பன் ஒரு விசித்திரப் பிராணி. அது நீர்மட்டத்துக்கு வந்து காற்றையும் விழுங்கி மூச்சுவிடும். ஒவ்வொரு மடக்கிலும் புதுப்பலம் பெறும். 12-ஆம் எண்ணுக்குக் குறைந்த கருவியோடு அதனிடம் போனால், மாலைவரை இழுபறிதான். 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்ப்பனை நீரிலிருந்து தூக்கவே கூடாது என்பது ப்ளோரிடாச் சட்டம்.

சில்லறைச் சாமான்களில், நுனியில் கட்டும் புளோரோகார்பன் இழை கண்ணுக்கே தெரியாது என்பது வியாபாரப் பேச்சு. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, அவ்விழையினுடையது 1.42. நைலானுக்கு 1.5-க்கு மேல். நைலானைவிடத் தேவலை, மறைந்துவிடாது. அதன் மெய்யான சிறப்பு, பவளப்பாறையில் உராய்ந்தாலும் எளிதில் அறாது என்பதும் நீரில் விரைவில் அமிழும் என்பதும். மக்காத பொருளாதலால் வெட்டிய துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பொய்யிரையை நாமே கட்டலாம். இறகு வாங்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை. தென்னாட்டுக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகுக்கு, பொய்யிரை கட்டுவோரிடையே நெடுங்காலமாக மோகம் உண்டு. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை அது. கடல் மீனுக்கு அந்த இறகு தேவையும் இல்லை. வீட்டுச் சேவலின் இறகும் மான்வால் மயிரும் போதும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுக. மீனின் வாயிலிருந்தும், தவறினால் நம் காதிலிருந்தும், சுலபமாக வரும்.

நூலுக்கும் முன்னால் வாங்கவேண்டியது ஒன்று உண்டென்றால் அது போலராய்டு கண்ணாடி. நேர்குத்துக்கு 53 டிகிரி சாய்வில் நீரில் பட்டுத் திரும்பும் ஒளி முழுவதும் ஒரே தளத்தில் அதிர்கிறது. அக்கண்ணாடி அதைத் தடுத்துவிட, கண்கூச்சம் நீங்கி அடிமணல் தெரிகிறது. மணல்மேல் சாம்பல் நிழலாக நகரும் மீனைக் காணாதவன் எங்கே வீசுவான்? பழுப்பு நிறக் கண்ணாடி மேல். பெயர் பொறித்த சட்டை, பத்துப் பை வைத்த அரைக்கோட்டு இவற்றுக்கு ஒரு காசும் செலவிட வேண்டாம். வெயிலுக்கு நம் முழுக்கைச் சட்டையே போதும்.