சுட்ட மண்ணும் பச்சை மண்ணும்

தோட்டத்திலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் சுங்கை வேயில் ஒரு சிறு பட்டறையில் பைபர்கிளாஸ் தொட்டிகளும் மூடிகளும் ஒட்டும் வேலை பார்க்கிறானாம். "ஒட்டியது சில நாளில் பிரிந்துவிடுகிறது. பிரிந்தால் கூலியில் பிடிக்கிறார்கள். எந்தப் பசை நல்லது, வாத்தியாரே?" என்பது அவர் கேள்வி.

கூலியில் பிடிக்கிறார்கள் என்பதால் இது சின்ன விஷயமல்ல. விளக்கமாகவே பார்ப்போம்.

பைபர்கிளாஸ் என்பது கண்ணாடி நாரைப் பிசினில் ஊறவைத்து இறுக்கிய பொருள். 1970களில் தொடங்கி நம் பெண்பிள்ளைகள் பலர் சுங்கை வே மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போனார்களே, அங்கே பார்த்த பச்சை நிறச் சர்க்கியூட் பலகையும் இதே இனம்தான். பிசின் ஈரமாக இருக்கும்போது அடுத்த அடுக்கை வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இறுகிய பிறகு அப்படிக் கலக்காது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். ஆகவே, இறுகிய இரண்டு துண்டுகளைச் சேர்ப்பதற்குத் தனிப் பசை வேண்டும்.

பால்மரத்தோடு வாழ்ந்த நமக்கு ரப்பர்ப் பசை தெரியும். செருப்பு அடிப்பாகத்துக்கு அது நல்லது, வளைந்து கொடுக்கும். ஆனால் ஓயாமல் பாரம் இழுத்தால், அதிலும் வெயில் சூட்டில், மெல்ல நழுவும். நொடியில் பிடிக்கும் சூப்பர் குளூ சிறு துண்டுகளுக்குச் சரி. அதிர்ச்சியும் நெடுநாள் ஈரமும் தாங்காது. தொட்டி செய்த அதே பாலியெஸ்டர் பிசின் மலிவு. ஆனால் இறுகும்போது அதிகம் சுருங்கும், பழைய பரப்பைப் பிடிப்பதும் குறைவு. பாரம் தாங்கும் இணைப்புக்கு, இரண்டு பாகமாகக் கலக்கும் இபாக்சியே பொதுவாக ஏற்றது. லாரிப் பலகைபோல எப்போதும் குலுங்கும் இடமென்றால், சற்று வளைந்து கொடுக்கும் பாலியூரித்தேன் பசையைக் கேட்டு வாங்கலாம்.

பசை நல்லதாக இருந்தாலும் பரப்பு அழுக்கானால் பயனில்லை. அச்சிலிருந்து எடுத்த துண்டில் கண்ணுக்குத் தெரியாத மெழுகு இருக்கும். முதலில் அசிட்டோன் தோய்த்த சுத்தமான துணியால் துடைக்க வேண்டும், பிறகுதான் மணல்தாள். முதலிலேயே தேய்த்தால் மெழுகு கீறலுக்குள் இறங்கிவிடும். தேய்த்த தூளையும் துடைத்தெடுத்த பின் சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலைமேல் போல முத்து முத்தாக நின்றால் மெழுகு போகவில்லை. ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். நன்றாக உலர்ந்த பிறகு ஒட்டலாம்.

கலக்கும் அளவைக் கண் மதிப்பில் விடக்கூடாது. சீக்கிரம் காயட்டும் என்று கெட்டியாக்கியை அதிகம் ஊற்றினால் இபாக்சி பலவீனமாகும்.

சீக்கிரம் காய்வதே பலம் என்று நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு சம்பவம். 2006 ஜூலை 10ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு சுரங்கச் சாலையின் மேற்கூரைக் கான்கிரீட் பலகைகள் ஒரு காரின்மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். பலகைகளைத் தாங்கிய இரும்பு ஆணிகள் இபாக்சியால் பதிக்கப்பட்டிருந்தன. விரைவில் இறுகும் வகையைப் பயன்படுத்தியதால், ஓயாத பாரத்தில் அது மெல்ல மெல்ல நழுவியது என்று விசாரணை கண்டறிந்தது. ஒட்டிய அன்று அது உறுதியாகத்தான் இருந்தது!

தம்பிக்கு இன்னொன்று. இபாக்சி தோலில் பட்டுப் பட்டு அரிப்புப் புண் வரும், கையுறை அவசியம். பாலியெஸ்டருக்கு ஊற்றும் கெட்டியாக்கி கண்ணையே கெடுக்கும். கண்ணாடி போடாமல் தொடக்கூடாது.

கடைசியாக, கூலி விஷயம். வேண்டாத துண்டுகள் இரண்டை ஒட்டி, முழுதாக இறுகிய பின் உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பைபர்கிளாஸே கிழிந்து வந்தால் ஒட்டு நன்று. பசை ஒரு பக்கத்திலிருந்து வழவழப்பாக உரிந்து வந்தால், பெரும்பாலும் பரப்பைச் சுத்தம் செய்ததில்தான் குறை. சுத்தம் செய்தும் பசையே நடுவில் பிளந்தால், கலவையோ பசையின் வகையோ தவறு. உடைந்த துண்டை முதலாளியிடம் காட்டிப் பேசலாம். அசிட்டோனும் நேரமும் கொடுக்காமல் கூலியைப் பிடிப்பது நியாயமா என்று அப்போது அமைதியாகக் கேட்கலாம்.