படகு புறப்படும் முன்பே முடிவாகும் பயணம்

நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பல் சேவை 2023 அக்டோபர் 14-இல் கோலாகலமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. 150 பேர் அமரக்கூடிய 'செரியபாணி' கப்பல் ஏறத்தாழ 60 கடல் மைல் தொலைவைச் சில மணி நேரத்தில் கடந்தது. ஆனால், ஒரு வாரத்துக்குள் வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி சேவை நிறுத்தப்பட்டது. மீண்டும் கப்பல் ஓடுவதற்கு 2024 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சேவையை நிறுத்தியதைத் தோல்வியாகக் கருதுவது சரியல்ல. நிறுத்தியது சரியான முடிவு. தொடங்கிய நாள்தான் பிழை. அக்டோபர் நடுப்பகுதியில் கடல் எப்படி மாறும் என்பதை நாகை மீனவர் எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் திசைக்கு ஒரு பெயர் வைத்திருப்பவர்கள் அவர்கள். விழா நாளைக் குறிப்பவர்கள் அந்த நாட்காட்டியைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

பெரிய கப்பலுக்காவது துறைமுக அதிகாரி, வானிலை அறிக்கை, புறப்பாட்டு அனுமதி என்று சில தடுப்புகள் உண்டு. கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தீவுக்குச் செல்லும் சிறிய மோட்டார் படகின் நிலை வேறு. தொலைவு குறைவு என்பதாலேயே அங்கு திட்டமிடல் தேவையற்றதாகத் தோன்றுகிறது.

2014 குடியரசு தினத்தன்று அந்தமானில் ராஸ் தீவிலிருந்து நார்த் பே நோக்கிச் சென்ற 'அக்வா மெரைன்' படகு கவிழ்ந்து 21 பேர் உயிரிழந்தனர். பயணிகளில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து சுற்றுலா சென்றவர்கள். கடக்க வேண்டிய தொலைவு சில கிலோமீட்டர் மட்டுமே. ஏற்றிச் செல்ல வேண்டியவர்களைப்போல கிட்டத்தட்ட இரு மடங்கு மக்கள் படகில் இருந்தனர். புயல் எதுவும் வீசவில்லை. விபத்துக்கான காரணம் படகுத்துறையிலேயே உருவாகிவிட்டது.

திறந்த கடலை முதன்முறையாகக் கடக்கப்போகும் ஒரு படகோட்டி கரையில் என்னென்ன கணக்குப் போட வேண்டும்? முதலாவது, அலை. 'அலை ஒன்றரை மீட்டர்' என்று முன்னறிவிப்பு கூறினால், எந்த அலையும் அதற்கு மேல் எழாது என்று பொருளல்ல. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரியே அந்த எண். ஏறத்தாழ அதன் இரு மடங்கு உயரமுள்ள தனி அலை இடையில் வரக்கூடும். உயரத்தைவிட முக்கியமானது அலைகளுக்கு இடையிலான நேரம். பத்து விநாடிக்கு ஒன்றாக வரும் அலை படகைத் தாலாட்டும். அதே உயரத்தில் நான்கு விநாடிக்கு ஒன்றாக வரும் அலை படகை அடித்து நொறுக்கும். ஆழம் குறைந்த பாக் நீரிணையில் காற்று வலுத்தால் எழுவது இந்த இரண்டாம் வகை.

அடுத்தது, எரிபொருள். போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, திரும்புவதற்கு ஒரு பங்கு, மீதமுள்ளது எதிர்பாராததற்கு என்பது கடலோடிகளின் பழைய விதி. இருபது நாட் வேகத்தில் செல்லும் படகு பத்து கடல் மைல் தொலைவிலுள்ள தீவை அரை மணி நேரத்தில் அடையும். அலை மிகுந்து வேகத்தை ஆறு நாட்டாகக் குறைக்க நேர்ந்தால், அதே தொலைவுக்கு நூறு நிமிடங்கள் ஆகும். விரைவுப் படகுகள் பல அந்த மெதுவான வேகத்தில் ஒவ்வொரு மைலுக்கும் கூடுதலாகவே எரிபொருளைக் குடிக்கும். மாலை வெளிச்சத்தில் திரும்பலாம் என்ற எண்ணம் இருட்டில்தான் போய் முடியும்.

திரும்பும் பயணத்தைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. காலையில் கண்ணாடியாகக் கிடக்கும் கடலைப் பார்த்துவிட்டுப் புறப்படுகிறார்கள். பிற்பகலில் கடற்காற்று எழும்போது, களைத்த பயணிகளுடன், குறைந்த எரிபொருளுடன், பின்னாலிருந்து தள்ளும் அலைகளில் கரை சேர வேண்டியிருக்கிறது. பின்பக்கத்தில் மோதும் அலை சிறிய படகைத் திருப்பிக் குறுக்காக நிறுத்திவிடும். போகலாமா என்ற முடிவைக் காலைக் கடலைப் பார்த்து எடுக்கக் கூடாது. மாலைக் கடலின் முன்னறிவிப்பைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

இந்த முன்னறிவிப்புக்குப் பஞ்சமில்லை. ஹைதராபாதிலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், ஏழு மீட்டர் வரை அகலமுள்ள சிறிய கலங்கள் கவிழும் அபாயமுள்ள கடற்பகுதிகளைப் பத்து நாள்களுக்கு முன்பே கணித்து எச்சரிக்கும் சேவையை 2020-இல் தொடங்கியது. கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆனால், யார் யார் படகில் ஏறினார்கள், எப்போது திரும்ப வேண்டும் என்ற தாள் ஒன்று கரையில் ஒருவர் கையில் இல்லையென்றால், படகு வரவில்லை என்பதையே யாரும் உரிய நேரத்தில் அறிய மாட்டார்கள். கைப்பேசிக்குக் கடலில் வெகுதூரம் அலைவரிசை கிடைக்காது.

2024 டிசம்பர் 18-இல் மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிபன்டா தீவுக்குச் சென்ற 'நீல்கமல்' படகின் மீது, இயந்திரச் சோதனையில் இருந்த கடற்படை விரைவுப் படகு மோதியது. அந்த மோதலுக்குப் பயணிகள் படகு பொறுப்பல்ல. எனினும், 84 பயணிகளுக்கு உரிமம் பெற்ற படகில் பணியாளர்களையும் சேர்த்து நூறு பேருக்கும் மேல் இருந்தனர். உயிர்காப்பு உடையைக் கட்டாயமாக்கும் கண்டிப்பு அங்கு உயிரிழப்புகளுக்குப் பின்னரே வந்தது. படகின் ஆவணங்களை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கும் நிர்வாகம், ஒவ்வொரு பயணத்தையும் சரிபார்ப்பதில்லை என்பதே இதில் வெளிப்படும் குறை.

தமிழகக் கடற்கரையிலும் படகுச் சுற்றுலாவை விரிவுபடுத்தும் பேச்சு வலுத்துவருகிறது. அதை வரவேற்கலாம். ஆனால், ஒவ்வொரு படகுத்துறையிலும், பயணச்சீட்டு வருவாயில் பங்கில்லாத ஒருவருக்கு 'இன்று படகு இல்லை' என்று சொல்லும் அதிகாரம் அளிக்கப்பட வேண்டும். எத்தனை மீட்டர் அலைக்கு, எத்தனை நாட் காற்றுக்குச் சேவை நிற்கும் என்பது சீட்டு விற்கும் இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வானிலையால் ரத்தாகும் நாளில் பயணிக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைக்க வேண்டும். அன்றைய இழப்பின் ஒரு பகுதியைப் படகு உரிமையாளருக்கு ஈடுசெய்யச் சுற்றுலாத் துறை ஒரு நிதியை ஒதுக்க வேண்டும். ஒரு நாள் வருமானம் போய்விடுமே என்ற கவலையில் இருப்பவரிடம் கடலைப் பற்றி நடுநிலையான முடிவை எதிர்பார்க்க முடியாது.