வெளிநாட்டில் வணிகப் பொருளியல்: பிளஸ் ஒன்னிலேயே தொடங்கும் கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்ததும் ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்து வீடுகளில் வெளிநாட்டுப் படிப்பு பற்றிய பேச்சு எழுகிறது. தோலும் ஷூவும் ஏற்றுமதியாகும் பகுதி இது. ஜெர்மனியும் இத்தாலியும் இங்கே யாருக்கும் புதிய பெயர்கள் அல்ல. கன்சல்டன்சிகள் நீட்டும் பட்டியலில் ‘பிசினஸ் எகனாமிக்ஸ்’ என்கிற வணிகப் பொருளியலும் இருக்கிறது. பி.காம்.தானே என்பார் ஒருவர், பி.பி.ஏ.வுக்கு இன்னொரு பெயர் என்பார் மற்றவர். இரண்டும் சரியல்ல.

பி.காம். கணக்கு எழுதவும் சரிபார்க்கவும் பழக்குகிறது. பி.பி.ஏ. நிறுவனத்தை நடத்தும் முறைகளைச் சொல்லித்தருகிறது. ஒரு நிறுவனம் ஏன் இந்த விலை வைக்கிறது, ஏன் இவ்வளவு உற்பத்தி செய்கிறது, வரியோ சட்டமோ மாறினால் என்ன செய்யும் என்று கேட்பது வணிகப் பொருளியல். பதிலைக் கணிதத்தாலும் புள்ளியியலாலும் சோதித்துப் பார்ப்பது அதன் வழி.

உதாரணம் உள்ளூரிலேயே இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதத்தை எட்டியது. 20 டாலருக்கு ஒரு ஜோடி ஷூ அனுப்பும் ஆலையை எடுத்துக்கொள்வோம். கூடிய 10 டாலரை யார் சுமப்பது? ஆலையா, இறக்குமதியாளரா, கடையில் வாங்குபவரா? அதே ஷூ வியட்நாமிலிருந்து எளிதாகக் கிடைக்குமானால் சுமையின் பெரும்பங்கு ஆலையின் தலையில்தான் விழும்; கிடைக்காவிட்டால் வாங்குபவரும் பங்கு போட வேண்டியிருக்கும். பிளஸ் ஒன் புத்தகத்தில் வரும் ‘தேவை நெகிழ்ச்சி’க்கு இங்கேதான் வேலை. அந்த வரி உயர்வுக்கு முந்தைய மாதம், ஜூலை 24 அன்று, இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நம் தோல் பொருள்களுக்கும் காலணிகளுக்கும் வரியை நீக்க வழிசெய்யும் ஒப்பந்தம் அது. அமெரிக்க ஆர்டரைக் குறைத்துக்கொண்டு பிரிட்டன் பக்கம் திரும்புவது லாபமா என்பதை ஆலையின் மாறாச் செலவையும் மாறும் செலவையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

பாலாறும் இதே பாடம்தான். தோல் கழிவால் கிணறும் வயலும் கெட்டன; அந்த நஷ்டம் தோலின் விலையில் சேரவில்லை, பக்கத்து விவசாயி சுமந்தார். இதைப் ‘புறவிளைவு’ என்கிறது பொருளியல். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று இந்தத் தீர்ப்பு. ஜவ்வாது மலையில் விளையும் சாமைக்கும் புளிக்கும்கூட இந்தப் படிப்பு பயன்படும். எல்லோரும் ஒரே மாதத்தில் விற்றால் விலை விழும். கிடங்கு வாடகை கொடுத்துக் காத்திருந்தால் கட்டுப்படியாகுமா என்பது முழுக்க முழுக்க வணிகப் பொருளியல் கேள்வி.

அடுத்து, இதைப் படிக்க வெளிநாட்டுக்கு எப்போது போவது? முடிவு பிளஸ் டூவுக்குப் பிறகு எடுக்கப்படுவதாக நாம் நினைக்கிறோம். ஆனால் பாதி முடிவு பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும் நாளிலேயே முடிந்துவிடுகிறது. கணக்குக்குப் பயந்து, கணிதமோ வணிகக் கணிதமோ இல்லாத குரூப்பில் சேரும் மாணவருக்குப் பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பொருளியல் வகுப்பு எட்டாமல் போகிறது. ஜெர்மனியின் பொருளியல் முதுநிலைப் படிப்புகள் பலவற்றில், இளநிலையில் கணிதம், புள்ளியியல், பொருளியல் ஆகியவற்றில் எத்தனை கிரெடிட் படித்தீர்கள் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். பி.காம். படித்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசா கேட்பவர் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ, ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய், முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த அளவு. நம் வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்பார்கள். போதாக்குறைக்கு, அங்கே இளநிலை வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். நம் பிளஸ் டூ மட்டும் வைத்துக்கொண்டு பொதுவாக நேரடியாகச் சேரவும் முடியாது.

உதவித்தொகையும் முதுநிலையின் பக்கம்தான் இருக்கிறது. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம், ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்கள் முதுநிலையும் முனைவர் பட்டமும் படிக்க ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய அயலக உதவித்தொகை நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 20 பேருக்கு. அதிலும் இளநிலைக்கு இடமில்லை. மலைக் கிராமத்து மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வாய்ப்புகள் இவை.

ஆகவே இந்தப் பகுதியின் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும் வழி, இளநிலையை இங்கே முடித்து முதுநிலைக்கு வெளியே போவதுதான். டெல்லி பல்கலைக்கழகத்தில் வணிகப் பொருளியலுக்கென்று 1973 முதலே தனித் துறை உண்டு. அதன் கல்லூரிகளில் இளநிலைக்கு க்யூட் (CUET) என்ற நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் 1993 முதல் இயங்குகிறது. அருகிலுள்ள கல்லூரியில் பி.ஏ. பொருளியல் சேர்ந்து, ஸ்வயம் இணையக் கல்வித் தளத்தில் கணிதமும் புள்ளியியலும் கூடுதலாகப் படித்தாலும் அடித்தளம் உறுதியாகும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பலகையில் ‘இன்டர்நேஷனல்’ என்று எழுதியிருப்பது தகுதிச் சான்று அல்ல. இந்தியாவில் இயங்கும் நிறுவனம் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அக்குழு வெளியிடுகிறது. வெளிநாட்டுப் பட்டம் என்றால், இந்தியாவில் அதற்கு இணைத்தகுதி கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். ஏஜென்டுகள் பலருக்குக் கமிஷன் தருவது பல்கலைக்கழகமே. அவர்கள் சொல்வதை அதை மனதில் வைத்துக் கேட்பது நல்லது. படிப்பின் பெயரைவிட ஒவ்வொரு செமஸ்டரிலும் என்ன பாடம் என்ற பட்டியலே முக்கியம்.

ஒன்றைத் தேர்ந்தால் கைவிட நேரும் மற்றொன்றின் மதிப்பையும் செலவில் சேர்க்கச் சொல்கிறது பொருளியல். பதினேழு வயதில் வீட்டை ஈடு வைத்துப் போவதா, மூன்று ஆண்டு கழித்து உதவித்தொகையோடு போவதா என்பதையும் அதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டுப் படிப்பு என்ற வாய்ப்பைத் திறந்து வைத்திருக்க விரும்பும் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைக் கணிதமோ வணிகக் கணிதமோ உள்ள குரூப்பில் சேர்ப்பது. அதற்குப் பணம் தேவையில்லை.