வேலைநிறுத்தத்துக்கு முன்பே பேசினால் என்ன?

2019 அக்டோபர் 25, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, தமிழக அரசு மருத்துவர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். காலமுறை ஊதிய உயர்வு, நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ற பணியிடங்கள், பட்டமேற்படிப்பில் 50 விழுக்காடு இடம் ஆகியவை கோரிக்கைகள். எதுவும் அன்றைக்கு முளைத்ததல்ல. ஊதியம் தொடர்பான அரசாணை 354 வெளியானதே 2009-இல். பத்து ஆண்டு கோப்பில் உறங்கிய விவகாரம் வீதிக்கு வந்த பிறகுதான் கோட்டை விழித்துக்கொண்டது. விழித்ததும் சொன்னது, வராதவர்களின் பணியிடங்கள் காலியானதாக அறிவிக்கப்படும் என்பதுதான். நவம்பர் 1-இல் போராட்டம் முடிந்தது. போராடியவர்கள் மீது பாய்ந்த இடமாற்ற உத்தரவுகளை 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

இதில் வென்றது யார்?

கொல்கத்தாவிலும் இதே கதைதான். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், 2024 செப்டம்பர் 12 அன்று இளம் மருத்துவர்கள் தலைமைச் செயலக வாசல் வரை வந்தார்கள். முதல்வர் உள்ளே காத்திருந்தார். பேச்சை நேரலையில் காட்ட வேண்டும் என்ற ஒற்றைக் கோரிக்கையில் எல்லாம் நின்றுபோனது. அக்டோபர் 21-இல், 17 நாள் உண்ணாவிரதத்துக்குப் பிறகு, அதே பேச்சு நேரலையில் நடந்தது. நேரலை கேட்குமளவுக்கு நம்பிக்கை தேய்ந்திருந்தது என்பதே அங்கு உண்மையான நோய்.

நிர்வாகம் என்றால் மருத்துவம் தெரியாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி முதல்வரும் மருத்துவர்தான். மாவட்ட இணை இயக்குநரும் மருத்துவர்தான். நாற்காலி மாறியதும் பார்வை மாறிவிடுகிறது. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு: மாலையில் சொந்த கிளினிக்குக்குத் தவறாமல் போகும் சிலர் காலையில் ஓ.பி.க்குத் தாமதமாக வருவதை யார் தட்டிக்கேட்பது? ஆனால் அதைக் குற்றக் குறிப்பாணையால் மட்டும் கேட்டால் பதில் சங்கத்திடமிருந்துதான் வரும்.

பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, மருத்துவரல்லாத மேலாண்மைப் பட்டதாரி ஆர்.டி. துளசிராஜ் நிர்வாகியாக வந்தார். கத்தி பிடிப்பவரும் கணக்கு பார்ப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால்தான் அது உலகமே பார்க்க வரும் நிறுவனமானது. அரவிந்த் ஓர் அறக்கட்டளை, அரசு வேறு என்பார்கள். ஒன்றாக உட்கார அரசாணை தேவையில்லையே!

அந்தப் பாடத்தை எங்கள் காரைக்குடியில் தொடங்கலாம். சிவகங்கையில் 2012-இல் மருத்துவக் கல்லூரி வந்தபின், மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற பொறுப்பு காரைக்குடியிடம் இருக்கிறது. இங்கே ஓ.பி. ஒரு நாள் முடங்கினால், காசில்லாதவர் சிவகங்கைக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். இந்த ஊர் நகரத்தாரின் கோயில் கணக்கில் மணமான ஒவ்வொரு ஆணும் ஒரு புள்ளி. லேவாதேவியில் கோடி சேர்த்தவரும் ஒரே புள்ளிதான். அப்படி எண்ணிப் பழகிய ஊரில் மருத்துவமனைக் கூட்டத்தில் இளம் மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஒரு புள்ளி கிடைப்பது பெரிய காரியமல்ல.

மாதம் ஒரு கூட்டம் போதும். மருத்துவர்களும் செவிலியர்களும் தாங்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வரட்டும். இரவுப் பணிப் பட்டியல், காவலர், மருந்து இருப்பு போன்றவற்றை அங்கேயே முடிக்கலாம். சம்பளம், பணியிடம் ஆகியவை சென்னைக்குப் போக வேண்டியவை. எந்தத் தேதியில், யார் பெயருக்குப் போயின என்று எழுதி, மருத்துவர் அறைப் பலகையில் ஒட்ட வேண்டும். சுகாதாரத் துறை இதைக் காரைக்குடியில் ஓர் ஆண்டு நடத்திப் பார்க்கட்டும். மருத்துவர் சங்கங்களும் அந்த ஓர் ஆண்டு நாற்காலியை விட்டு எழாமல் இருக்கட்டும்.