ரிப்பேர் பண்றது கஞ்சத்தனம் இல்லீங்க

போன வாரம் சென்னையிலிருந்து மச்சினன் வந்திருந்தான். கொட்டாயில நான் மரம் அறுக்குற மெஷினைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ஐயாயிரம் ரூபா மெஷினுக்கு ரெண்டு நாளா மாரடிக்கிறீங்களே மாமா, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கக் கூடாதா?"ன்னு கேட்டான்.

விருந்துக்கு வந்தவன்கிட்ட என்ன வாதம்னு அப்போ சும்மா இருந்துட்டேன். மனசு ஆறல. இங்க சொல்லிடறேன்.

முதல்ல இது என்ன மெஷின்னு தெரிஞ்சுக்குங்க. 25 சிசி இஞ்சின், 12 இன்ச் பார். பின்பக்கம் இருக்க வேண்டிய கைப்பிடி இஞ்சின் மேலேயே இருக்கும். அதனால டாப் ஹேண்டில்னு பேரு. இடுப்புல பெல்ட்டும் கயிறும் கட்டி மரத்து மேல நின்னு கிளை கழிக்கிற, பயிற்சி எடுத்த ஆளுங்களுக்காகச் செஞ்ச அமைப்பு. பேர் பெற்ற வெளிநாட்டுக் கம்பெனி மெஷின்னா ஒரு கறவை மாட்டு விலை ஆகும். அதே ஜாடையில சைனா காப்பி ஆன்லைன்ல ஐயாயிரத்துக்கு வந்துச்சு. வாங்கிட்டேன். எங்க ஊர்ல என்னை மாதிரி நிறைய பேரு வாங்கியிருக்காங்க.

வாங்காம என்ன செய்யறது? விடியக்காலையிலேயே ஷூ கம்பெனி வண்டி வந்து ஊர்ல பாதிப் பேரை ஏத்திக்கிட்டுப் போயிடுது. அவங்களைக் குறை சொல்லல. மாசம் பொறந்தா சம்பளம், பி.எஃப். எல்லாம் இருக்கு. ஆனா மாமரத்துல கிளை கழிக்கவும், காஞ்ச தென்னையை அறுக்கவும், பாலாத்து ஓரம் நிலத்துக்குள்ள நுழையற சீமைக்கருவேலத்தை வெட்டவும் ஆள் இல்லை. மெஷின்தான் ஆள்.

அந்த மெஷின் நின்னு போச்சு. ஆம்பூர்ல ஸ்ப்ரேயரும் புல்லு வெட்டுற மெஷினும் ரிப்பேர் பண்ற பாய்கிட்ட எடுத்துட்டுப் போனேன். மூடியைத் தொறந்து பார்த்துட்டு, "இஞ்சின் நல்லாத்தான் கீது அண்ணே. குழா போயிடுச்சு"ன்னார். பெட்ரோல் டியூப் ஊறி வெடிச்சிருந்தது. கார்புரேட்டர் உள்ள இருக்குற டயாஃப்ரம் அப்பளம் மாதிரி வெறைச்சுப் போயிருந்தது. இப்போ பங்க்ல ஊத்தற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். டேங்குல மாசக்கணக்கா நின்னா மட்டமான ரப்பரை அது சும்மா விடாது. டியூப், டயாஃப்ரம் கிட், பெட்ரோல் ஃபில்டர் மூணும் சேர்த்து 260 ரூபா. மாட்டினது நான்தான். ஐயாயிரம் எங்க, 260 எங்க?

சரி, ரெண்டு நாள் ஏன் ஆச்சு? வேலை ரெண்டு மணி நேரம்தான். மீதி நேரம் பூரா ஸ்பேர் தேடி அலைஞ்சது. மெஷின் வித்தவனுக்கு போன் போட்டா எடுக்கறதில்ல. மெஷின் மேல ஒட்டியிருக்குற பேருக்கு விலாசமே இல்ல. அதே மெஷின் பத்துப் பேர்ல, பத்து கலர்ல விக்குது. கடைசியில புல்லு வெட்டுற மெஷின் கிட்டுதான் பொருந்திச்சு.

இதைத்தான் கேக்கறேன். ஸ்பேர் கொடுக்க முடியாதவனை மெஷின் விக்க ஏன் விடறாங்க? 2022 ஜூலையில மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு குழு போட்டுச்சு. அது எடுத்துக்கிட்ட நாலு துறையில விவசாயக் கருவியும் ஒண்ணு. அதே வருஷம் டிசம்பர்ல இணையதளமும் தொறந்தாங்க. சந்தோஷம். ஆனா விலாசமே இல்லாத கம்பெனியை அதுல எங்க போய்த் தேடறது? புது மெஷின் வாங்க மானியம் இருக்கு. பழசைச் சரி பண்ணிக்க பத்து பைசா கிடையாது. கார்புரேட்டர் கழட்ட ஒரு நாள் பயிற்சி கொடுத்தாலே போதும், பாதி மெஷின் பிழைச்சுக்கும்.

"தூக்கிப் போடு"ன்னு மச்சினன் சொன்னான் பாருங்க, அந்த வார்த்தை எங்க ஊர்க்காரன் காதுல வேற மாதிரி விழும். தூக்கிப் போட்டா அது எங்கயோ போய் விழணும் இல்லையா? தோல் ஷாப்புக் கழிவை அப்படித்தான் தூக்கிப் போட்டாங்க. எங்க போச்சு? பாலாத்துக்கு, எங்க கிணத்துக்கு. உப்பேறின நிலத்துல தென்னை குரும்பை உதிர்ந்து நின்னதை எங்கப்பா பார்த்தாரு. 1996 ஆகஸ்ட்டுல, வேலூர் மக்கள் போட்ட வழக்குலதான், கெடுத்தவனே அதுக்கு விலை கொடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. அப்புறமும் 2025 ஜனவரியில அதே விஷயத்துக்கு இன்னொரு தடவை நஷ்ட ஈடு கொடுன்னு சொல்ல வேண்டியிருந்தது. அதனால "போட்டுட்டு வேற வாங்கு"ன்னு யாராவது லேசா சொன்னா எங்களுக்குக் கொஞ்சம் எரியும்.

இதுவரைக்கும் படிச்சுட்டு தலையாட்டியிருப்பீங்க. இனிமே உங்களையும் கொஞ்சம் திட்டப் போறேன்.

"கிராமத்து விஞ்ஞானி"ன்னு தலைப்பு போட்டு வீடியோ வருதே, பார்த்திருப்பீங்க. கிரைண்டிங் மெஷின்ல செயினை மாட்டி மரம் அறுப்பான். சைலன்சரை ஓட்டை போட்டு, "பவர் ஏறிடுச்சு"ன்னு காட்டுவான். நீங்க ஃபேன் காத்துல உக்காந்து கை தட்டி, நாலு பேருக்கு அனுப்புவீங்க. அதைப் பார்த்துட்டு இங்க ஒரு பையன் நிஜமாவே செய்வான். விரல் போனா அவனுக்குத்தான் போகும், உங்களுக்கில்ல.

நானும் செஞ்சவன்தான். 12 இன்ச் பத்தலைன்னு 16 இன்ச் பார் போட்டேன். அதே சமயம் செயின் பிரேக்ல மரத்தூள் அடைச்சு இழுத்துக்கிட்டே இருந்தது. "இது தொந்தரவு பாய், கழட்டி வீசிடுங்க"ன்னேன். பாய் நிமிர்ந்து பார்த்தார். "பைக்ல பிரேக் கத்துதுன்னு பிரேக்கைக் கழட்டுவியா அண்ணே?"ன்னு கேட்டுட்டு, தூளைச் சுத்தம் பண்ணி, திரும்பவும் மாட்டிக் கொடுத்தார். எனக்குக் கோவம்கூட வந்துச்சு.

பத்து நாள் கழிச்சு புளியங்கிளை ஒண்ணை அறுக்கும்போது, பார் முனை பின்னால இருந்த இன்னொரு கிளையில பட்டுச்சு. மெஷின் என் மூஞ்சிக்கு நேரா எகிறிச்சு. ரெண்டு கைப்பிடிக்கும் நடுவுல இடம் கம்மி. பார் வேற நீளம். எகிறினா அடக்க முடியாது. முன்னாடி இருக்குற காவல்ல கை பட்டு பிரேக் விழுந்துச்சு. செயின் நின்னுடுச்சு. தலைப்பாகையில ஒரு கிழிசலோட தப்பிச்சேன். அன்னைக்கு பாய் என் பேச்சைக் கேட்டிருந்தா இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். சாயங்காலமே 16 இன்ச் பாரைக் கழட்டிட்டேன்.

அதுல இருந்து எனக்கு ஒரே கணக்குதான். மெஷின் எப்படி இருக்கணுமோ அப்படித் திரும்பக் கொண்டு வந்தா அது ரிப்பேர். காவலுக்கு வெச்சதைப் பிடுங்கினா அது ரிப்பேர் இல்ல. பிரேக், ஆக்சிலேட்டர் லாக், செயின் அறுந்தா பிடிக்கிற கொக்கி, இது மூணையும் தொடக் கூடாது. சைலன்சர் வாயில இருக்குற சல்லடையில கரி அடைச்சா பிரஷ் போட்டுத் தேய்க்கணும், எடுத்து எறியக் கூடாது. காஞ்ச புல்லுல ஒரு பொறி விழுந்தா கருவேலங்காடு பூரா எரியும். செயின்ல பல்லுக்கு முன்னாடி இருக்குற மேட்டை, வேகமா வெட்டும்னு நினைச்சு ரொம்ப அராவினா மெஷின் இன்னும் மோசமா எகிறும்.

நீங்களும் தோட்டம் வெச்சிருந்தா காசில்லாம செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கு. 4 எம்.எம். உருண்டை அரத்தால, டேங்க் பெட்ரோல் தீரும்போதெல்லாம் ஒவ்வொரு பல்லுக்கும் ரெண்டு மூணு இழுப்பு போட்டா செயின் பல மடங்கு உழைக்கும். பெட்ரோலுக்கு என் மெஷின் புக்குல 25க்கு 1ன்னு போட்டிருக்கு, லிட்டருக்கு 40 மில்லி ஆயில். மிச்சம் பிடிக்கலாம்னு ஆயிலைக் குறைச்சா பிஸ்டன் இறுகிடும், அப்போ நிஜமாவே புதுசுதான் வாங்கணும். வேலை முடிஞ்சா டேங்கைக் காலி பண்ணி, தானா நிக்கிற வரைக்கும் ஓட விடணும். நான் செஞ்ச ஒரே மாத்தம், பாருக்கு ஒரு உறை. ஷூ கம்பெனி வெட்டுத் தோலை எடை போட்டு வாங்கி, சைக்கிள் டியூப் நறுக்கைச் சேர்த்துத் தைச்சது.

தோல்னு சொன்னதும் இன்னொண்ணும் சொல்லணும். உலகத்துக்கே ஷூ தைக்கிற ஊரு இது. இங்க மரம் அறுக்குறவன் ரப்பர் செருப்போட நிக்கிறான். மெஷினுக்கு மானியம் கொடுக்கிற கை, அதோட ஒரு ஜோடி கனமான ஷூவும் தலைக்கு ஒரு ஹெல்மெட்டும் கொடுத்தா குறைஞ்சா போயிடும்?

மச்சினா, இதை நீ படிப்பேன்னு தெரியும். கோவிச்சுக்காதே. பொங்கலுக்கு வரும்போது ஸ்வீட் பாக்ஸ் வேணாம். பாரிமுனையில ரெண்டு உருண்டை அரம் வாங்கிட்டு வா. உனக்கும் செயின் தீட்டக் கத்துத் தர்றேன்.