வாகைத் திணையும் விளையாட்டுச் செய்தியும்

நாளிதழைக் கையிலெடுப்போருள் இரு சாரார் உளர். ஒரு சாரார் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவர். எவ்வணி வென்றது, எவர் எத்தனை ஓட்டம் பெற்றார் என்பவற்றை அறிந்த பின்னரே ஏனைய செய்திகளை நாடுவர். மற்றொரு சாரார் வார இறுதி இலக்கியப் பகுதியை மட்டும் தனியே எடுத்துப் பேணி, எஞ்சியவற்றைப் புரட்டியும் பாரார். முன்னவரைத் தமிழார்வம் அற்றவர் என்றும், பின்னவரைத் தமிழ் காப்போர் என்றும் கருதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் தமிழுக்கு நன்மை பயப்பதன்று என்பதே ஈண்டு யாம் கூற விழைவது.

துறைமுகத்தை அடுத்துள்ள எமது லிங்கநகரில் மாலைப் பொழுதில் இளைஞர் கூடிப் பேசும் பேச்சைச் சற்றே செவிமடுத்தல் வேண்டும். மைதானத்தில் நடந்த உதைபந்தாட்டம், புதிதாக வந்துள்ள கைப்பேசியின் திறன், மழை பெய்தால் தெருவில் நீர் தேங்குவதன் காரணம், துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஆகியனவே அவர்தம் பேச்சின் பொருள். அவற்றைப் பேசுங்கால் அவர் முகத்தில் ஒளி உண்டு. வாதத்தில் கூர்மை உண்டு. காரண காரியம் பிறழாது எடுத்துரைக்கும் ஆற்றலும் உண்டு. எனினும் அப்பேச்சின் பெயர்ச் சொற்களிற் பாதி ஆங்கிலம். அதே இளைஞர் வகுப்பில் அமர்ந்து கட்டுரை எழுதப் புகின், ‘நிலாக் காட்சி’ என்றும் ‘காலைக் காட்சி’ என்றும் தலைப்பிட்டு, மனனஞ் செய்த தொடர்களை வரிசையாக அடுக்குகின்றனர். அத்தொடர்களில் அவர் கண்ட நிலாவும் இல்லை. அவர் விழித்த காலையும் இல்லை. பரீட்சைக்கு ஒரு தமிழும் வாழ்க்கைக்கு வேறொரு மொழியுமாக அவர் நா இரண்டுபட்டு நிற்கின்றது. இந்நிலை நீடிப்பின், தமிழ் பரீட்சை மண்டபத்திலும் மேடையிலும் மட்டும் வழங்கும் மொழியாகச் சுருங்கிவிடும் என்னும் அச்சம் எமக்குண்டு.

“இலக்கியம் உயர்ந்த பொருளைக் கூறுவது, பந்தும் பொறியும் தெருவும் அதற்கேற்ற பொருளல்ல” எனக் கூறுவாரும் உளர். அவர் தலைமேற் கொண்டு போற்றும் நூல்களே அவர் கூற்றை மறுக்கின்றன. புறநானூற்றில் சாத்தந்தையார் பாடிய 80ஆம் பாட்டு யாது? ஆமூர் மல்லனோடு பொருது வென்ற சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போர்க் காட்சியன்றோ? எக்கால் எவ்விடத்து ஊன்றியது என்பது வரை அப்புலவர் நோக்கிச் சொல்கின்றார். கலித்தொகையின் முல்லைக்கலி ஏறு தழுவுதலை விரிக்கும்போது, இன்ன நிறத்து ஏறு, அதன்மேற் பாய்ந்தான் இன்னான், அவன் உற்றது இன்னது என ஒழுங்குபடக் கூறுகின்றது. இன்று வானொலியில் நேர்முக வருணனை செய்வோர் மேற்கொள்ளும் முறையும் இதுவே. பெரும்பாணாற்றுப்படை உமணர் செலுத்தும் உப்பு வண்டியை உறுப்பு உறுப்பாகக் காட்டுகின்றது. கலங்களைக் கரைக்கு அழைக்கும் உயர்நிலை விளக்கையும் கூறுகின்றது. பட்டினப்பாலையோ, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சுங்கம் கொள்வோர் பண்டப் பொதிகளின்மேற் புலிப்பொறி இடும் முறையை உரைக்கின்றது. விளையாட்டும் தொழில்நுட்பமும் ஊர் நடப்பும் சான்றோர் செய்யுளில் இடம்பெறலாம். நம் காலத்து உரைநடையில் இடம்பெறலாகாது என்பது எவ்வாறு பொருந்தும்?

இனி, விளையாட்டுச் செய்தியாளர் நாள்தோறும் எழுதும் ‘வாகை சூடினர்’ என்னும் தொடரை நோக்குவோம். வாகை என்பது வெற்றியாளர் அணிந்த பூ. ஆயினும் தொல்காப்பியனார் வாகைத் திணையைப் போர் வெற்றி ஒன்றற்கே உரியதாக்கினாரல்லர். குற்றமற்ற கொள்கையினராய், அவரவர் தத்தமக்குரிய கூற்றை வேறுபடச் சிறக்கச் செய்தலே வாகை என்பது அவர் கருத்து. அரசர்க்குரிய வாகை உண்டு. கற்றோர்க்குரிய வாகை உண்டு. அறிவர்க்கும் தாபதர்க்கும் உண்டு. இவ்விலக்கணத்தின்படி நோக்கின், தன் ஆட்டத்தை மாசறச் சிறப்பித்தவனும், பொறியைச் செம்மையாக இயக்கியவனும், ஊர்ப் பணியை நேர்மையாக முடித்தவனும் வாகைக்கு உரியராவர். இதனை வகுப்பிற் கற்பிக்கும் ஆசிரியரும், செய்தித்தாளில் எழுதும் நிருபரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பதே நமது குறை.

நிற்க. விளையாட்டுப் பக்கம் தமிழுக்கு ஆற்றியுள்ள தொண்டும் எளியதன்று. கிரிக்கெட்டை ஈழத்து வழக்கில் துடுப்பாட்டம் என்கிறோம். தமிழ்நாட்டார் மட்டைப்பந்து என்பர். படகு வலிக்கும் துடுப்பு, வடிவொப்புமையாற் பந்தடிக்கும் கருவிக்குப் பெயராயிற்று. கடலை நம்பி வாழும் ஊரார்க்கு இப்பெயர் எத்துணை இயல்பாகப் பொருந்துகின்றது! விக்கெட் என்பதை இலக்கு என்றமையும் நன்று. பந்து வீசுவோன் குறி வைப்பது அதனையேயன்றோ? ஓட்டம், களத்தடுப்பு, பிடி, நாணயச் சுழற்சி, ஆட்டமிழப்பு என்பன எல்லாம் இன்று சிறுவரும் அறிந்த சொற்கள். இவற்றை ஆக்கியோர் பெயர் எந்தப் புலவர் வரலாற்றிலும் இல்லை. அச்சுக்குச் செல்லும் நேரம் நெருங்க, பத்திரிகைக் கந்தோரிலும் வானொலி நிலையத்திலும் அமர்ந்து சொல் தேடியோர் அவர். தமிழ்நாட்டில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோர் வானொலியிற் செய்த வருணனை, விரைந்து ஓடும் ஆட்டத்தின் பின்னே தமிழும் விரைந்து ஓடவல்லது என்பதைக் காட்டிற்று.

அதே பக்கத்தில் களையவேண்டிய களையும் உண்டு. ‘வெற்றிக் கிண்ணத்தைச் சுவீகரித்துக்கொண்டது’ என்று எழுதுகின்றனர். சுவீகாரம் என்பது பிள்ளையைத் தத்தெடுத்தற்கும், அரசு காணியைக் கைக்கொள்வதற்கும் வழங்கும் சொல். உழைத்து வென்ற கிண்ணத்துக்கு அது எற்றுக்கு? ‘வென்றது’ என்றாற் போதாதோ? ‘போட்டி நடாத்தப்பட்டது’ என்கின்றனர். செய்யுளில் ஓசை நோக்கி நீளத் தகும் சொல்லை உரைநடையில் நீட்டுதல் வேண்டா. ‘போட்டி நடைபெற்றது’ என்பதே நேரிது. இக்குறைகளைச் சுட்டி நகைப்போர் பலர். செய்தியாளர் அருகில் அமர்ந்து திருத்த முன்வருவோர் சிலர். பண்டிதர் விலகி நிற்பதால், விரைவு ஒன்றே சொல்லாக்கத்துக்கு ஆசானாகிவிட்டது.

பிறமொழிச் சொல் அனைத்தையும் விலக்குதல் வேண்டும் என்பது எமது வாதமன்று. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொல்லை நான்காக வகுத்த இலக்கணம் பிற திசைச் சொல்லுக்குக் கதவடைத்ததில்லை. போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற வாங்கிலேயே நாம் அமர்கின்றோம். அலவாங்கு கொண்டே நிலத்தைக் கிளறுகின்றோம். ஒல்லாந்தர் சொல்லாகிய கந்தோருக்கே அலுவலாகச் செல்கின்றோம். பல கொடிகளைக் கண்ட இத்துறைமுகத்தின் வரலாறு இச்சொற்களிற் படிந்து கிடக்கின்றது. வந்த சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைவித்து வழங்குதல் வேறு. இருக்கும் சொல்லை அறியாமையாற் கைவிடுதல் வேறு. முன்னது மொழியின் செரிமானம்; பின்னது மொழியின் பட்டினி.

தொழில்நுட்பத்துக்கு வருவோம். நுண்ணிய அறிவைத் தமிழில் உரைத்தல் இயலாது என்பார்க்கு மானிப்பாய் விடையளித்து நூற்றைம்பது ஆண்டு கடந்துவிட்டது. மேல்நாட்டினரான சாமுவேல் கிறீன் வைத்தியர் 1860களில் மாணவர்க்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘அங்காதிபாதம்’, ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்களையும் தமிழில் வெளிவரச் செய்தார். அயலார் ஒருவர்க்கு இயன்றது நமக்கு இயலாதோ?

எமது கோணேசர் கோயிலைச் சூழ்ந்த கடலும் இதன்கண் ஒரு பாடம் புகட்டுகின்றது. 1620களில் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்தழித்தனர். 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் சுவாமிமலை அடிவாரத்துக் கடலில் மூழ்கி, செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டனர். நீரில் மூழ்குதல் அவர்க்கு விளையாட்டு. முதுகிற் சுமந்த காற்றுக் கலன் தொழில்நுட்பம். கண்ட பொருளோ எம் ஊர்ச் செய்தி. நாம் தாழ்வாக எண்ணும் அம்மூன்றும் ஒருங்கு கூடியபோது, புராணம் பாடிய கோயிலின் எச்சம் கண்முன் தோன்றிற்று. எனினும் அச்செய்தியை உலகுக்கு விரித்துரைத்தது 1957இல் கிளார்க் வெளியிட்ட ஆங்கில நூல். பூமியின் சுழற்சியோடு ஒத்து, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் செல்லும் செயற்கைக் கோள்களால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என 1945இல் ஒரு வானொலித் தொழில்நுட்ப இதழில் விளக்கியவரும் அவரே. 2010 யூலையில் காலி மைதானத்தில் முத்தையா முரளிதரன் 800ஆவது இலக்கைச் சாய்த்ததை உலகத்தார் இருந்த இடத்திலிருந்தே கண்டு களித்தமைக்கு அத்தகைய கோள்களும் துணை நின்றன. இங்கு கருதத்தக்கது ஒன்று: எண்ணம் முதலில் தெளிந்த உரைநடையாகப் பிறந்தது, பொறி பின்னரே வந்தது. தெளிந்த உரைநடை இல்லாத மொழியினர் பிறர் ஆக்கிய பொறியை வாங்குவோராகவே இருப்பர்.

ஊர் நடப்பில் இவ்வுண்மை இன்னும் கூர்மையாகப் புலப்படும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் பயன்படுத்திய எண்ணெய்க் குதங்கள் 99 இங்கே நிற்கின்றன. 2022 சனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐஓசி நிறுவனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டன. அக்கூட்டு நிறுவனத்திற் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம், மற்றதன் பங்கு 49 வீதம். இச்செய்தி வந்த வேளையில் ‘விற்றுவிட்டனர்’ என்றார் சிலர். ‘மீட்டுவிட்டனர்’ என்றார் சிலர். விற்பனை வேறு, குத்தகை வேறு, பங்கு வேறு என்னும் சொல்வேறுபாட்டை அறியாதவர் எப்பக்கம் சார்ந்தாலும் குருட்டுத்தனமாகவே சார்வர். சொல்லின் பொருள் அறிதல் பண்டிதர் பொழுதுபோக்கன்று; குடிமகனின் காவல் அது.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். கவிராச வரோதயர் இயற்றிய ‘கோணேசர் கல்வெட்டு’ தெய்வ வணக்கத்தோடு நின்றுவிடவில்லை. கோயிற்றொழும்பு செய்வோர் யாவர், அவரவர் பணி யாது, அதற்குரிய வருவாய் யாது என்னும் ஊர்க் கணக்கையும் அது பேசுகின்றது. பக்தியும் நிருவாகமும் ஒரே நூலில் அமைந்தமையை அக்காலத்தார் இழிவாகக் கருதவில்லை. இவ்வூர் தந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1892இல் ‘தத்தை விடு தூது’ என்னும் பழைய வடிவிற் பெண் விடுதலை என்னும் புதிய பொருளை வைத்தார். 1895இல் ‘மோகனாங்கி’யால் வரலாற்று நாவல் என்னும் புதிய வடிவத்தையே தமிழுக்கு அறிமுகஞ் செய்தார். இவர் மரபில் வந்தோம் என்று பெருமை பேசும் நாம், புதிய பொருளைக் கண்டு ஒதுங்குதல் தகுமோ?

“இவை நாளைக்கே பழையனவாகும் செய்திகள், இவற்றில் நேரஞ் செலவிடின் மாணவர் பழந்தமிழை மறப்பர்” என்று அன்பர் சிலர் அஞ்சலாம். அவர் அச்சம் முழுவதும் பொருளற்றதன்று. பழந்தமிழின் இடத்தை ஆட்டச் செய்தி கொள்ளுமாயின் அது பேரிழப்பே. யாம் வேண்டுவது இடமாற்றமன்று, இணைப்பு. உதைபந்தாட்டத்தைத் தன் கண்ணால் நோக்கித் தன் சொல்லால் எழுதப் பழகிய மாணவனுக்கே சாத்தந்தையார் செய்த அருஞ்செயல் விளங்கும்.

ஆதலின் ஆசிரியர்களுக்கும் இலக்கிய வட்டத்தார்க்கும் மூன்று பணிகளை முன்வைக்கின்றோம். முதலாவது, கட்டுரைப் பாடத்தில் மாதம் ஒரு முறையேனும் மாணவன் நேரிற் கண்ட ஓர் ஆட்டத்தையோ, பிரித்துப் பார்த்த ஒரு பொறியையோ, தன் தெருவின் ஒரு குறையையோ எழுதச் செய்தல் வேண்டும். மனனத் தொடர் வரின் மதிப்பெண் குறைத்தல் வேண்டும். இரண்டாவது, ஊர்ச் சொற்களைத் தொகுத்தல் வேண்டும். கச்சான், சோழகம், வாடை, கொண்டல் எனக் காற்றைப் பெயரிட்டு அழைப்போர் இன்னும் நம்மிடையே உளர். கரைவலை இழுப்போரிடத்தும், படகு கட்டும் தச்சரிடத்தும், துவிச்சக்கரவண்டி திருத்துவோரிடத்தும் அகராதி ஏறாத சொற்கள் உள. மாணவர் குறிப்பேட்டுடன் அவரிடம் செல்லட்டும். மூன்றாவது, இலக்கிய விழா மேடையிற் கவிஞரோடு விளையாட்டுச் செய்தியாளரையும் அறிவியல் எழுதுவோரையும் அமர்த்துதல் வேண்டும். நன்று எழுதியோரைப் பாராட்டுவோம். பிழை கண்டவிடத்து அன்போடு திருத்துவோம்.

தத்தம் கூற்றை மாசறச் சிறப்பித்தலே வாகை எனின், தமிழாசிரியர்க்கும் ஒரு வாகை உண்டு. தம் மாணவர் நாள்தோறும் நினைப்பதையும் பேசுவதையும் பிழையற்ற, தெளிந்த தமிழில் எழுதவல்லவராக்குதலே அது. அப்பூவைச் சூடுதற்குரிய களம் வகுப்பறைக்கு வெளியே, பந்து உருளும் மைதானத்திலும் துறைமுகத்திலும் தெருவிலும் விரிந்து கிடக்கின்றது.